கேட் மூடாத வீடு

மெரிபேங்கில் என் வாசல் சிறிது.
செவர்லே பெரிது.
அதனால் ஐம்பது வருஷத்துக்கும் மேலாக
வாலின் இரண்டு துடுப்பும் ஒன்றரை அடி தெருவில் நிற்கும்,
கேட்டை மூடியதே இல்லை.
தபால்காரன் துடுப்பின் மேல் மின்கட்டணச் சீட்டை வைத்துப் போவான்.
கடல் உப்பும் எண்ணெய் ஆலைக் கரியும்
சேர்ந்தே படியும் அதன் மேல்.

அட்டையில் எழுதிக் கண்ணாடியில் செருகினேன்:
விற்பனைக்கு. ஐம்பத்தொன்பதாம் வருஷத்து பெல் ஏர்.
நான்கு கதவு. போர்ட் எலிசபெத்தில் பூட்டியது.
ஒரே சொந்தக்காரர்.
காலமானவர் என்று சேர்க்க
அட்டையில் இடம் இல்லை.

முதலில் வந்தவர் ஜோகன்னஸ்பர்க்காரர்.
முன் பம்பரில் முகம் பார்த்துத் தலை சீவினார்.
குரோமைத் தடவிக்கொண்டே இருந்தார்,
கன்றுக்குட்டியைத் தடவுவது போல.
எனக்கே கூச்சமாக இருந்தது.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
அடுத்தவர் ஓட்டல் வைத்திருக்கிறாராம்,
குறுக்கே அறுத்துப் பின்பாதியை சோபா ஆக்குவாராம்.
எஞ்சினில் பாம்பு இருக்கிறது என்றேன்.

சோபா.
அந்தப் பின்சீட்டின் கதை அவருக்கு எங்கே தெரியும்?

ருங்கன் கிரேவில் பந்தயத்தில் வென்ற காசில் வாங்கியது,
ராண்ட் வருவதற்கு முன்னால், பவுன் காலத்தில்.
குதிரையின் பேரை என்னிடம் சொன்னதில்லை.
பெண் பேர் என்று மட்டும் தெரியும்.
கல்யாணமான புதிதில் ஞாயிறுதோறும் கடற்கரை.
பெஞ்சுகளில் எழுதியிருக்கும், யார் உட்காரலாம் என்று.
எங்கள் சீட் அந்த பெஞ்சை விட ஒரு சாண் நீளம்.
கண்ணாடியை இறக்கிவிட்டுப்
புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்
கடலைப் பார்த்துக்கொண்டிருப்போம்.
ஒருநாள் போலீஸ்காரன் குனிந்தான்.
வண்டி பழுது, ஐயா, என்றார் ருங்கன்,
பழுது என்றால் என்னவென்று தெரியாத வண்டியில் உட்கார்ந்து.
அவன் பானட்டைத் திறக்கச் சொன்னான்.
கால் மணி நேரம் எஞ்சினைப் பார்த்தபடி நின்றான்.
அவனுக்கும் ஆசை.
அதற்குள் நாங்கள் சாப்பிட்டு முடித்திருந்தோம்.

ஸ்டியரிங்கை மட்டும் எனக்குத் தந்ததில்லை.
லைசென்ஸ் பீரோவில் இருந்தது, புடவைக்கு அடியில்.
பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சாவியை எடுத்து
இசிபிங்கோ வரை ஓட்டிவிட்டு வந்தேன்.
மறுநாள் வண்டி கிளம்பவில்லை.
அவருக்குக் கோபம் என்று நினைத்தேன்.
பேட்டரி.

யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்பார்கள்.
இது படுத்துப் பதினோரு வருஷம்.

மூன்றாவதாக வந்தாள் தோகோசிலே, உம்லாசியிலிருந்து.
துடுப்பைப் பார்க்கவில்லை. பூனைக்கண் விளக்கைப் பார்க்கவில்லை.
கொண்டுவந்த அட்டைப்பெட்டியைக் கிழித்துத் தரையில் விரித்து
அடியில் போய்விட்டாள்.
வெளியே இரண்டு பூட்ஸ் மட்டும்.
குரல் தரையிலிருந்து வந்தது:
கதவடிச் சட்டம் இரண்டும் போச்சு.
பிரேக் குழாய் போச்சு.
டேங்க்கில் இந்த ஒட்டு யார் வைத்தது?
என் வீட்டுக்காரர், என்றேன்.
கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. டார்ச் மட்டும் நகர்ந்தது.
அசிங்கமான ஒட்டு, என்றாள்.
ஆனால் விடாது.

எண்பதாயிரம் சொல்லலாம் என்று வாயைத் திறந்து
ஐம்பத்தைந்து என்றேன்.
அவள் பேரம் பேசவில்லை. அதுதான் கொஞ்சம் வலித்தது.

இழுவை வண்டி மேடேறியது.
பூனைக்கண் இரண்டும் என்னையே பார்த்தபடி
முனை திரும்பும் வரை போயின.
எதிர்வீட்டுப் பையன்கள் அதற்குள்
எண்ணெய்க் கறைமேல் ஸ்டம்ப் நட்டுவிட்டார்கள்.

சாயந்தரம் கேட்டை மூடிப் பார்த்தேன்.
கீல் அசையவில்லை.
ஷெட்டில் அவர் வைத்த எஞ்சின் ஆயில் அரை டின் இருந்தது.
ஊற்றினேன்.
இன்னும் அசையவில்லை.